பெண்குதிரையின் முட்டையணுவும் பீமாக்கரைக் குதிரையின் எதிர்காலமும்

புனே நகரின் வடமேற்கே மூலா ஆற்றின் கரையில் அமைந்துள்ள கட்கி, இந்நாளில் இராணுவக் குடியிருப்பாகவும் படைக்கலத் தொழிற்சாலைகள் உள்ள இடமாகவும் அறியப்படுகிறது. ஆயினும் வரலாற்றில் இவ்வூர் இடம் பெற்றது குதிரைகளின் குளம்படியோடுதான். 1817 ஆம் ஆண்டு நவம்பர் மாதம் 5 ஆம் நாள், பேஷ்வா இரண்டாம் பாஜிராவின் தளபதி பாபு கோகலே ஆயிரக்கணக்கான குதிரை வீரர்களுடன் ஆங்கிலக் கம்பெனியின் படையை இங்கே எதிர்த்துப் பாய்ந்தார். பாய்ச்சலின் நடுவில் முன்னணிக் குதிரைகள் சதுப்பு நிலத்தில் கால் புதைந்து வேகம் இழந்தன. போரின் போக்கு மாறியது. அடுத்த ஆண்டிலேயே பேஷ்வா ஆட்சி முடிவுற்றது. பின்னர் கட்கி ஆங்கிலேயரின் பாசறையாயிற்று. குதிரைப் படைகளும், பீரங்கி வண்டிகளை இழுக்கும் குதிரைகளும் பல்லாண்டுகள் இங்கே தங்கியிருந்தன.

கட்கியைக் கடந்து செல்லும் மூலா ஆறு, புனேயில் முத்தா ஆற்றுடன் கூடி, கிழக்கே சென்று பீமா ஆற்றில் கலக்கிறது. மராட்டியக் குதிரைப் படைக்குப் பெயர் தேடித் தந்த குதிரைகள் பீமா, நீரா ஆகிய ஆறுகளின் பள்ளத்தாக்குகளிலே வளர்ந்தவை. 'பீம்தடி' என்னும் பெயருக்குப் பீமாவின் கரை என்பது பொருள். அந்தக் கரையில் பிறந்த குதிரைக்கும் அதுவே பெயராயிற்று. உருவில் பெரியதன்று, தோற்றத்தில் பகட்டும் இல்லை. ஆனால் கரடுமுரடான தக்காணப் பாறை நிலத்தில் நெடுந்தூரம் நடக்கும் ஆற்றலும், குறைந்த தீனியில் உயிர் வாழும் உறுதியும் அதற்கு உண்டு.

படைகள் கலைந்தபின் இக்குதிரையைப் பேணியவர்கள் அரசர்களோ செல்வர்களோ அல்லர். ஆட்டு மந்தைகளோடு ஊர் ஊராகச் செல்லும் தங்கர் இடையர்களே இதனைக் காத்தனர். மழை ஓய்ந்தபின் மேட்டு நிலத்திலிருந்து கொங்கணக் கரைக்கும், மழைக்கு முன்னர் அங்கிருந்து மீண்டும் மேட்டு நிலத்திற்கும் அவர்கள் பெயர்ந்து செல்லும்போது, பாத்திரங்கள், படுக்கைகள், நடக்க இயலாத ஆட்டுக்குட்டிகள், கோழிகள் ஆகிய அனைத்தையும் இக்குதிரைகளே சுமக்கின்றன. நாட்டின் கால்நடை இனங்களைப் பதிவு செய்யும் கர்னால் தேசிய நிறுவனம், பீம்தடியைத் தனி இனமாக அண்மைக் காலத்தில்தான் ஏற்றுக்கொண்டது. மார்வாரி, கத்தியவாரி, சன்ஸ்காரி, ஸ்பிதி, பூட்டியா, மணிப்பூரி, கச்சி-சிந்தி ஆகியவற்றை அடுத்து இந்தியக் குதிரை இனங்களின் பட்டியலில் இது எட்டாவதாக இடம் பெற்றது.

பட்டியலில் இடம் பெறுவது ஒன்று. நிலத்தில் நிலைத்திருப்பது வேறொன்று. 2012 ஆம் ஆண்டுக் கால்நடைக் கணக்கெடுப்பில் நாடெங்கும் சுமார் 6.2 இலட்சமாக இருந்த குதிரைகளின் எண்ணிக்கை, 2019 ஆம் ஆண்டில் சுமார் 3.4 இலட்சமாகக் குறைந்தது. ஏழே ஆண்டுகளில் ஏறத்தாழப் பாதி மறைந்துவிட்டது. சரக்கு வண்டியும் மோட்டார் சைக்கிளும் குதிரையின் வேலையை எடுத்துக்கொண்டபின் அதை வளர்ப்போர் குறைவது இயல்பே. ஆனால் ஓர் இனம் அழிந்தபின் அதை மீண்டும் உண்டாக்க எவராலும் இயலாது. எஞ்சியுள்ள நல்ல பெண்குதிரைகளிலிருந்து எத்தனை குட்டிகளைப் பெற முடியும் என்னும் கேள்வி இவ்விடத்தில் எழுகிறது. அக்கேள்விக்கு விடை, கண்ணுக்குப் புலப்படாத ஒரு சிறு அணுவில் அடங்கியிருக்கிறது.

பிறக்கும்போதே நிறைந்த களஞ்சியம்

பொலிகுதிரை தன் வாழ்நாள் முழுவதும் நாள்தோறும் புதிய விந்தணுக்களைக் கோடிக்கணக்கில் உண்டாக்குகிறது. பெண்குதிரையின் நிலை அவ்வாறன்று. அது தாய் வயிற்றில் இருக்கும்போதே அதன் சூலகங்களில் முட்டையணுக்கள் அனைத்தும் தோன்றிவிடுகின்றன. பிறந்தபின் அக்களஞ்சியத்தில் ஒன்றும் சேர்வதில்லை. செலவு மட்டுமே உண்டு. ஆதலின், இருபது வயதுப் பெண்குதிரையின் முட்டையணுவும் இருபது வயதுக்கு மேற்பட்டதே.

வயிற்றிலிருக்கும்போதே முட்டையணு தன் பிளவினைத் தொடங்கி, நடுவழியில் நின்றுவிடுகிறது. குதிரையின் உடலணுக்களில் 64 நிறக்கோல்கள் உள்ளன. அவற்றைச் சரிபாதியாகப் பிரித்து, 32 நிறக்கோல்களை மட்டும் தன்னிடம் வைத்துக்கொண்டு, எஞ்சியவற்றைச் சிறு துணுக்காக வெளியேற்ற வேண்டும். ஆண்டுக்கணக்கில் உறங்கிக் கிடந்த இவ்வேலை, முட்டையணு சூலகத்தை விட்டு வெளிப்படுவதற்குச் சற்று முன்னர்தான் மீண்டும் தொடங்குகிறது. இவ்வேலை பிழையின்றி முடிந்த முட்டையணுவையே விஞ்ஞானிகள் முதிர்ந்த முட்டையணு என்கின்றனர். விந்தணுவோடு கூடிக் கருவாகும் தகுதி அதற்கே உண்டு.

பெண்குதிரையின் சூலகமும் ஏனைய வீட்டு விலங்குகளினதைப் போன்றதன்று. பசுவின் சூலகத்தில் எப்பக்கத்திலிருந்தும் முட்டையணு வெளிப்படலாம். பெண்குதிரையின் சூலகமோ சிறுநீரக வடிவில் உள்வளைந்து, அவ்வளைவிலுள்ள ஒரு குழியின் வழியாக மட்டுமே முட்டையணுவை வெளியே விடுகிறது. பகற்பொழுது நீளும் மாதங்களில் 21 அல்லது 22 நாட்களுக்கு ஒருமுறை சினைப்பருவம் வருகிறது. ஒவ்வொரு முறையும் நீர் நிறைந்த நுண்பைகள் பல வளரத் தொடங்கினாலும், பெரும்பாலும் ஒன்றே முந்திக்கொண்டு 35 முதல் 45 மில்லிமீட்டர் வரை விட்டம் பெற்று வெடிக்கிறது. அதனுள் இருந்த முட்டையணுவின் குறுக்களவோ ஒரு மில்லிமீட்டரில் ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்குதான்.

பசுவுக்கு ஹார்மோன் ஊசி போட்டு ஒரே பருவத்தில் பல முட்டையணுக்களை வெளிப்படச் செய்யலாம். குதிரை அதற்கு எளிதில் இணங்குவதில்லை. எனவே ஒரு பருவத்திற்கு ஒரு முட்டையணு, பதினொரு மாதச் சினைக்காலத்திற்கு ஒரு குட்டி என்பதே இயற்கை வகுத்த கணக்கு. பாரம் சுமந்து ஊர் சுற்றும் பெண்குதிரை ஆண்டுதோறும் ஈனுவது அரிது. ஆகவே சிறந்த பெண்குதிரை ஒன்று வாழ்நாளில் விட்டுச்செல்லும் குட்டிகளை விரல்விட்டு எண்ணிவிடலாம்.

முதுமை எங்கே இருக்கிறது?

பதினைந்து வயதை ஒட்டிப் பெண்குதிரையின் சினைபிடிக்கும் திறன் குறையத் தொடங்குவதையும், இருபதுக்கு மேல் பெரிதும் தளர்ந்துவிடுவதையும் குதிரை வளர்ப்போர் நெடுங்காலமாகவே அறிவர். குற்றம் கருப்பையில் இருப்பதாகவே அவர்கள் கருதினர். பலமுறை ஈன்ற கருப்பையில் சுவர் தளர்வதும் அழற்சி உண்டாவதும் உண்மையாதலால் இக்கருத்து பொருத்தமாகவும் தோன்றிற்று.

இதனைத் தெளிவாக்கிய சோதனை 1995 ஆம் ஆண்டில் வெளியாயிற்று. அமெரிக்காவின் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் ஆராய்ந்த கார்னெவேல், ஜின்தர் ஆகியோர் இளம் பெண்குதிரைகளிடமிருந்தும் இருபது வயதைக் கடந்த பெண்குதிரைகளிடமிருந்தும் முட்டையணுக்களை எடுத்தனர். இருவகை முட்டையணுக்களையும் நல்ல நிலையிலிருந்த இளம் பெண்குதிரைகளின் முட்டைக் குழாய்களிலேயே வைத்தனர். கருப்பை யாவற்றிலும் இளமையானதே; வேறுபாடு முட்டையணுவில் மட்டுமே. இளம் குதிரைகளின் முட்டையணுக்களில் பத்துக்கு ஒன்பது கருவாக வளர்ந்தன. முதிய குதிரைகளின் முட்டையணுக்களிலோ பத்துக்கு மூன்றே வளர்ந்தன. முதுமை கருப்பையில் மட்டுமன்று, முட்டையணுவிலேயே குடிகொண்டிருக்கிறது என்பது இதனால் விளங்கிற்று.

முதிய முட்டையணுவில் நேரும் குறைகள் யாவை? முதலாவது நிறக்கோல்களைப் பற்றியது. அவற்றைப் பிரித்து இருபுறமும் இழுக்கும் நுண்ணிழைகள் கதிர்போல அமைகின்றன. நெடுநாள் காத்திருந்த முட்டையணுவில் அக்கதிர் ஒழுங்காக அமைவதில்லை. நிறக்கோல்களைப் பிணைத்து வைத்திருக்கும் கட்டுகளும் தளர்கின்றன. அதனால் ஒன்று கூடியோ குறைந்தோ போய்ச் சேர்கிறது. அவ்வாறு உண்டான கரு சில நாட்களிலோ வாரங்களிலோ அழிகிறது. குதிரைக்காரரின் கண்ணுக்கு அது சினை பிடிக்காத குதிரையாகவே தோன்றும்.

இரண்டாவது குறை ஆற்றலைப் பற்றியது. முட்டையணுவினுள் மைட்டோகாண்ட்ரியா எனப்படும் நுண்ணுறுப்புகள் இலட்சக்கணக்கில் உள்ளன. உணவுப் பொருளை எரித்து ஆற்றல் தருவது இவற்றின் வேலை. விந்தணு கருவுக்குக் கொண்டுவருவது பெரும்பாலும் தந்தையின் நிறக்கோல்களையே. கருவின் முதல் வாரத்து வாழ்வுக்கு வேண்டிய மூலதனம் முழுவதையும் முட்டையணுவே அளிக்க வேண்டும். முதிய குதிரையின் முட்டையணுவில் இந்நுண்ணுறுப்புகள் வீங்கிச் சிதைந்திருப்பதையும், முதிர்ச்சியின்போது எண்ணிக்கையில் குறைவதையும் ஆராய்ச்சியாளர் கண்டுள்ளனர்.

வயது ஒன்றே காரணம் என்று கூறுவதற்கில்லை. அளவுமீறிக் கொழுத்த பெண்குதிரைகளின் முட்டையணுக்களில் கொழுப்பின் அமைப்பு மாறி, அணுவின் உள்நெருக்கடியைக் காட்டும் குறிகள் தோன்றுகின்றன. வெயிலில் கடும் பயிற்சிக்கு உள்ளான குதிரைகளிலிருந்து கிடைக்கும் கருக்கள் எண்ணிக்கையில் குறைகின்றன. முட்டையணு உறங்கிக் கிடந்தாலும், தாயின் உடல் படும் பாட்டை அதுவும் பங்கிட்டுக்கொள்கிறது.

கருவை அறியும் குழாய்

குதிரையின் முட்டைக் குழாயைப் பற்றி ஒரு வியத்தகு செய்தி உண்டு. பெரும்பாலான விலங்குகளில் முட்டையணு கருவுற்றாலும் கருவுறாவிட்டாலும் முட்டைக் குழாயைக் கடந்து கருப்பையை அடைகிறது. பெண்குதிரையிலோ கருவுற்ற முட்டைக்கு மட்டுமே வழி திறக்கிறது. கருவுறாதவை குழாயிலேயே தங்கி, மெல்லச் சிதைந்து மறைகின்றன. ஐந்தாம் நாளில் கருவானது புரோஸ்டாகிளாண்டின் வகைப் பொருள் ஒன்றைச் சுரக்கிறது. அதன் தொடுகையால் குழாயின் தசை தளர்ந்து வழிவிட, கரு ஆறாம் நாளளவில் கருப்பையில் இறங்குகிறது.

கரு மாற்று முறை இவ்வியல்பினால் எளிதாகிறது. ஏழு அல்லது எட்டாம் நாளில் கருப்பையைத் தூய நீர்மத்தால் கழுவினால், கிடைப்பது பெரும்பாலும் உயிருள்ள கருவாகவே இருக்கும். அக்கருவை வேறொரு பெண்குதிரையின் கருப்பையில் வைத்துவிட்டால், அது சுமந்து ஈன்று பாலூட்டும். ஈன்றவளின் இயல்பு குட்டியின் குருதியில் சேர்வதில்லை. தாய்வழியில் குட்டி முட்டையணுவைத் தந்தவளின் மரபையே பெறுகிறது. இரு குதிரைகளின் சினைப்பருவமும் ஏறத்தாழ ஒரே நாளில் அமைந்திருக்க வேண்டும் என்பது ஒன்றே கண்டிப்பான விதி. முதல் குதிரை சினையைச் சுமக்க வேண்டாமையால், அடுத்த பருவத்திலேயே மீண்டும் கரு தரலாம். ஓராண்டில் ஒரு குட்டி என்னும் கணக்கு இவ்வாறு விரிகிறது. ஜப்பானில் ஒகுரி, த்சுத்சுமி ஆகியோர் 1970 களின் தொடக்கத்தில் இம்முறையைக் குதிரையில் வெற்றியுடன் செய்து காட்டினர்.

பிகானேரில் பிறந்த குட்டி

இந்திய வேளாண்மை ஆராய்ச்சிக் கழகத்தைச் சார்ந்த தேசியக் குதிரையின ஆராய்ச்சி மையம் 1985 ஆம் ஆண்டில் அரியானாவின் ஹிசார் நகரில் தொடங்கப்பட்டது. இதன் கிளை இராஜஸ்தானத்துப் பிகானேரில் உள்ளது. அக்கிளையில் மார்வாரிப் பெண்குதிரை ஒன்று செயற்கை முறையில் சினையாக்கப்பட்டது. ஏழரை நாள் வளர்ந்த கரு, கருப்பையிலிருந்து கழுவி எடுக்கப்பட்டு, வாடகைத் தாயாக அமைந்த மற்றொரு பெண்குதிரையில் வைக்கப்பட்டது. 2023 ஆம் ஆண்டு மே மாதம் 19 ஆம் நாள் 23 கிலோகிராம் எடையுள்ள பெண்குட்டி பிறந்தது. 'ராஜ்-பிரதமா' என்று அதற்குப் பெயரிட்டனர். மார்வாரி இனத்தில் கரு மாற்று முறையால் பிறந்த முதற்குட்டி அதுவே. மறு ஆண்டில், உறைய வைத்துக் காக்கப்பட்ட கருவிலிருந்தும் அங்கே ஒரு குட்டி பிறந்தது.

இரண்டாவது செய்தி முதலாவதைவிட ஒரு வகையில் முக்கியமானது. உறைந்த கருவுக்கு வயது ஏறுவதில்லை. திரவ நைட்ரஜனில், சுழிக்குக் கீழ் 196 டிகிரி வெப்பநிலையில், அது ஆண்டுக்கணக்கில் காத்திருக்கும். ஓர் இனம் நோயினாலோ பஞ்சத்தினாலோ அழிவுக்கு உள்ளாகுமாயின், காத்து வைத்த கருக்களிலிருந்து அதை மீட்கலாம். ஆனால் இங்கும் குதிரையின் தனித்தன்மை குறுக்கிடுகிறது. ஆறரை நாளில் கரு மிகச் சிறியது. உறைவை நன்கு தாங்கும். அதன் பின்னர் அதைச் சுற்றிக் கடினமான உறையொன்று படர்ந்து, கரு விரைந்து பருக்கிறது. 0.3 மில்லிமீட்டருக்கு மேல் வளர்ந்தபின் அதன் உள்நீரை வெளியேற்றினாலன்றி உறைவைத் தாங்குவது கடினம். ஒரு நாள் தாமதமே பயனைக் கெடுத்துவிடும்.

முட்டையணுவையே தேடிச் செல்லும் முறை

கரு மாற்று முறைக்கும் ஓர் எல்லை உண்டு. பெண்குதிரையின் உடலுக்குள் கரு உண்டாக வேண்டும் என்பதே அது. கருப்பை நோயுற்ற குதிரை, முட்டைக் குழாய் அடைபட்ட குதிரை, திடீரென இறந்துபோன குதிரை ஆகியவற்றுக்கு அது பயன்படாது. இவற்றின் பொருட்டு முட்டையணுவை நேராகச் சூலகத்திலிருந்தே எடுக்கும் முறை வளர்ந்தது.

மீயொலிக் கருவியின் உதவியால் சூலகத்தைத் திரையில் பார்த்துக்கொண்டே, நீண்ட ஊசியை நுண்பைக்குள் செலுத்தி, அதன் நீரை உறிஞ்சுகின்றனர். பெண்குதிரையின் முட்டையணு நுண்பையின் சுவரோடு இறுகப் பற்றியிருப்பதால் ஒருமுறை உறிஞ்சினால் வருவதில்லை. பலமுறை நீர்மம் பாய்ச்சிக் கழுவவேண்டியுள்ளது. வெளிவந்த அணுக்களில் முதிராதவற்றை ஆய்வுக்கூடத்தில் ஏறத்தாழ 24 முதல் 30 மணி நேரம் வளர்த்து முதிரச் செய்கின்றனர். அணுவிலிருந்து சிறு துணுக்கு வெளிப்பட்டிருப்பது உருப்பெருக்கியில் தெரிந்தால் முதிர்ச்சி முடிந்ததெனக் கொள்வர். குதிரையின் முட்டையணுவில் கொழுப்புத் துளிகள் மிகுந்திருப்பதால் அது இருண்டு காணப்படுகிறது. உள்ளிருப்பதைப் பார்ப்பது எளிதன்று. அதனை உறைய வைப்பதும் கருவை உறைய வைப்பதைவிடக் கடினமானது.

அடுத்தது கருவுறச் செய்தல். மனித முட்டையணுவைக் கண்ணாடிக் கலத்தில் விந்தணுக்களோடு சேர்த்து வைத்தால் கருவுறுகிறது. குதிரையில் இது எளிதில் நிகழவில்லை. 1990 ஆம் ஆண்டில் பிரான்சு நாட்டில் இம்முறையால் குட்டி பிறந்தது உண்மையாயினும், பிறரால் அதைத் தொடர்ந்து செய்ய முடியவில்லை. குதிரையின் விந்தணு கண்ணாடிக் கலத்தில் முட்டையணுவின் உறையைத் துளைக்கும் நிலையை அடையவில்லை. ஆதலால் விஞ்ஞானிகள் நுண்ணூசியால் ஒரே ஒரு விந்தணுவை முட்டையணுவுக்குள் செலுத்தினர். 1996 ஆம் ஆண்டில் அமெரிக்காவின் கொலராடோவில் இம்முறையால் முதற்குட்டி பிறந்தது. இந்நூற்றாண்டில் ஐரோப்பாவிலும் அமெரிக்க நாடுகளிலும் இது வழக்கமான தொழிலாகவே வளர்ந்துவிட்டது. 2022 ஆம் ஆண்டில் பென்சில்வேனியாப் பல்கலைக்கழகத்தார், விந்தணுக்களைத் தகுந்த நீர்மத்தில் சுமார் 22 மணி நேரம் வைத்திருந்து பின்னர் முட்டையணுக்களோடு சேர்த்தால் ஊசியின்றியே கருவுறுவதைக் காட்டினர். அவ்வாறு குட்டிகளும் பிறந்தன.

ஊசி முறையில் விந்து மிகச் சிறிதளவே போதும். இறந்துபோன பொலிகுதிரையின் உறைவிந்துக் குழல் ஒன்றைச் சிறு சிறு துண்டுகளாக வெட்டிப் பல தடவை பயன்படுத்தலாம். இறந்துபோன பெண்குதிரையின் சூலகங்களைச் சில மணி நேரத்திற்குள் ஆய்வுக்கூடத்தில் சேர்த்தால், அவற்றின் முட்டையணுக்களிலிருந்தும் குட்டி பெறலாம். அயல்நாடுகளில் இவ்வாறு குட்டிகள் பிறந்துள்ளன. இத்தாலியில் 2003 ஆம் ஆண்டில் 'புரோமிதியா' என்னும் குட்டி படியெடுப்பு முறையால் பிறந்ததே. அதற்கும்கூட உட்கருவை நீக்கிய முட்டையணு தேவைப்பட்டது. எந்த முறையாயினும் முட்டையணு இன்றி ஓரடியும் எடுத்துவைக்க இயலாது.

ஆயினும் விளைவைப் பற்றி மிகைபடக் கூறுதல் தகாது. ஊசியால் விந்தணு செலுத்தப்பட்ட முட்டையணுக்கள் பத்தில் இரண்டோ மூன்றோதான் மாற்றி வைக்கத்தக்க கருக்களாக வளர்கின்றன. அவற்றிலும் சில சினை நிலையாமல் அழிகின்றன. முதிய குதிரையின் முட்டையணுக்களாயின் இக்கணக்கு மேலும் சுருங்கும். ஆய்வுக்கூடம் நல்ல முட்டையணுவுக்கு வாய்ப்பளிக்கலாம். கெட்டுப்போனதை நல்லதாக்கும் வழி இன்னும் கண்டறியப்படவில்லை.

எவ்வினத்துக்கு இது பயன்படும்?

புனேயில் குதிரை என்றவுடன் பலருக்கும் நினைவு வருவது பந்தயக் குதிரையே. பந்தயத்துக்குரிய தரோபிரெட் குதிரைகளின் பிறப்பைப் பதிவு செய்யும் இந்திய அமைப்பும் புனேயிலேயே இயங்குகிறது. ஆனால் மேற்கூறிய முறைகளில் ஒன்றும் அவ்வினத்துக்குப் பொருந்தாது. பொலிகுதிரை நேரில் சேர்ந்து பிறந்த குட்டியை மட்டுமே தரோபிரெட் எனப் பதிவு செய்யலாம் என்பது உலகெங்கும் ஏற்கப்பட்ட விதி. செயற்கை முறையில் பிறந்த குட்டி எவ்வளவு விரைந்து ஓடினாலும் அப்பதிவேட்டில் அதற்கு இடமில்லை.

ஆகவே இவ்வறிவு பெரிதும் பயன்பட வேண்டியது நாட்டின் சொந்தக் குதிரை இனங்களுக்கே. மத்திய அரசு 2024 ஆம் ஆண்டு பிப்ரவரியில் தேசியக் கால்நடை இயக்கத்தை விரிவாக்கி, குதிரை, கழுதை, ஒட்டகம் ஆகியவற்றையும் அதில் சேர்த்தது. இவற்றுக்கு விந்து நிலையமும் மூலக்கால்நடைப் பண்ணையும் அமைக்க 10 கோடி ரூபாய் அளிக்கவும் இசைந்தது.

பீம்தடிக் குதிரையைப் பொறுத்தமட்டில் இடர்ப்பாடு தனி வகையானது. இவ்வினம் ஒரு பண்ணையில் நிற்பதன்று; மந்தையோடு மலையேறி இறங்குவது. கரு மாற்று முறைக்கோ சினைப்பருவத்தை நாள் தவறாமல் கணிக்கவும், மீயொலிக் கருவியால் நுண்பையை அளக்கவும், ஏழாம் நாளில் கருப்பையைக் கழுவவும் வேண்டும். அந்நாளில் குதிரை எந்தக் கணவாயில் சுமை சுமந்து நிற்குமோ என்பதை இடையரும் அறியார். மழைக்காலத்தில் தங்கர்கள் மேட்டு நிலத்திற்குத் திரும்பி வாழும் மாதங்கள் குதிரையின் சினைப்பருவக் காலத்தின் ஒரு பகுதியாக அமைவது இதற்கு வாய்ப்பானது. அம்மாதங்களில் மருத்துவர் மந்தையைத் தேடிச் செல்வதும், தேர்ந்தெடுத்த சில பெண்குதிரைகளைச் சில வாரங்கள் ஓரிடத்தில் வைத்துப் பேணுவதும் இயலாதவை அல்ல.

எவற்றைத் தேர்ந்தெடுப்பது என்பதில்தான் முட்டையணு ஆராய்ச்சியின் பாடம் உதவுகிறது. புகழ் பெற்ற குதிரை முதுமையடைந்தபின், இனி சினை பிடிக்காது என்ற நிலையில் ஆய்வுக்கூடத்தை நாடுவதே பலரது வழக்கம். அப்போது களஞ்சியம் வற்றியிருக்கும்; எஞ்சியவையும் பழுதுற்றிருக்கும். நற்பண்பு வெளிப்பட்டவுடன், இளமையிலேயே கரு எடுத்து உறைய வைப்பதே அறிவுடைமை. அதற்குக் குதிரையின் வயது சரியாகத் தெரிய வேண்டும். பல்லைப் பார்த்து வயது சொல்லும் பழக்கம் பத்து வயதுக்கு மேல் அவ்வளவு உறுதியானதன்று. பிறந்த நாளையும் ஈன்ற நாளையும் எழுதி வைக்கும் பதிவேடு இதற்கு இன்றியமையாதது.

மற்றோர் எச்சரிக்கையும் உண்டு. ஒரே பெண்குதிரையிடமிருந்தும் ஒரே பொலிகுதிரையிடமிருந்தும் மிகப் பல குட்டிகளைப் பெறுவது எண்ணிக்கையை உயர்த்தும், இனத்தைக் காக்காது. உறவுக்குள்ளேயே கலப்பு மிகுந்து, மறைந்திருந்த குறைகள் வெளிப்படும். பத்துக் குட்டிகள் வேண்டுமாயின் ஒரு தாயிடமிருந்து பத்தைப் பெறுவதைவிட, ஐந்து தாய்களிடமிருந்து இரண்டிரண்டாகப் பெறுவது மேல். இடையரின் மந்தையில் இயற்கையாகப் பிறக்கும் குட்டிகளின் இடத்தை இம்முறை பறித்துக்கொள்ளவும் கூடாது. மலைப்பாதையில் சுமை சுமந்து தேறிய குதிரையே பீம்தடி. அவ்வாழ்க்கை மறைந்துவிட்டால், திரவ நைட்ரஜன் குடுவையில் எஞ்சுவது அதன் மரபு மட்டுமே.

தமிழ்நாட்டுக்கும் இதில் ஒரு படிப்பினை உண்டு. பாண்டிய நாட்டுத் துறைமுகங்களில் ஆண்டுதோறும் ஆயிரக்கணக்கான அரபுக் குதிரைகள் இறங்கியதையும், பேணத் தெரியாமையால் அவற்றில் பெரும்பாலானவை மாண்டதையும், இந்நாட்டில் நல்ல குதிரை பிறப்பதில்லை என்று மக்கள் எண்ணியதையும் மார்க்கோ போலோ பதிமூன்றாம் நூற்றாண்டில் கண்டு எழுதினார். குதிரையை விலைகொடுத்து வாங்குவதையே வழியாகக் கொண்ட அந்நாடு, வளர்ப்பதைக் கற்கவில்லை. பொன் கடல் கடந்து சென்றுகொண்டேயிருந்தது. பீமாக்கரை மக்களோ தம் நிலத்துக்கு ஏற்ற குதிரையைத் தாமே உண்டாக்கிக்கொண்டனர்.

அக்குதிரையின் பெண்குட்டி ஒவ்வொன்றும் பிறக்கும்போதே தன் இனத்தின் எதிர்காலத்தைச் சூலகத்தில் சுமந்து வருகிறது. அக்களஞ்சியம் நாள்தோறும் குறைகிறது. அது நிறைந்திருக்கும் இளமைக் காலத்திலேயே அதைப் பயன்படுத்துவதற்கான அறிவும் கருவியும் இந்நாட்டில் இப்போது உள்ளன. பிகானேரில் மார்வாரிக்குச் செய்தது பீமாக்கரையிலும் செய்யத்தக்கதே. காலம் தாழ்த்தாமல் தொடங்குவதே எஞ்சியுள்ள பணி.